மாமா படித்த எண்

ஞாயிற்றுக்கிழமையில் வீட்டோடு கிடப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். என் ஞாயிறுகளில் பாதியைப் பழைய இன்ஜின்கள் தின்றிருக்கின்றன. ஊர் ஊராக ஓடுகிற ரயில் இன்ஜின் இல்லை. ஆலைக்குள்ளேயே வேகன்களை இழுத்தும் தள்ளியும் நிறுத்துகிற குட்டி ஷண்டிங் இன்ஜின். ஆலையை மூடிய பிறகு முள் மண்டிய தண்டவாளத்தில் துருப்பிடித்து நிற்கும். அதைத் தேடிக் காரில் போய், எண்ணைப் படித்து, நோட்டில் எழுதி, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பி வருவோம். இதில் என்ன கிடைக்கிறது என்று என் மனைவி கேட்பாள். ஆரம்பத்தில் ஒரு பதில் வைத்திருந்தேன். இப்போதெல்லாம் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்.

போவது நானும் என் அக்கா வீட்டுக்காரரும். மாமா என்னைவிட ஏழு வயது மூத்தவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். கார் அவருடையது, ஓட்டுவதும் அவர்தான். எனக்கு ஓட்டத் தெரியும், பிடிக்காது. எண்ணைப் படிப்பது மாமா, எழுதுவது நான். எழுதுகிறவன் இன்ஜினைப் பார்க்கக் கூடாது. முன்பு ஒருமுறை ஆளுக்கொரு எண்ணைப் படித்துவிட்டு, யார் சரி என்று சண்டை போட்டு ஒரு வாரம் பேசாமல் இருந்தோம். அக்கா நடுவில் வந்து போட்ட சட்டம் இது. அன்றிலிருந்து மாமா சொல்வார், நான் தலை குனிந்து எழுதுவேன்.

அந்த ஞாயிறன்று விழுப்புரத்திலிருந்து காலையிலேயே கிளம்பினோம். அந்த வாரம் முழுக்க ஆபீஸில் என்னைப் பிழிந்து காயப்போட்டிருந்தார்கள். உளுந்தூர்பேட்டை தாண்டியது தெரியாது. விருத்தாசலம் வந்ததும் தெரியாது. திட்டக்குடி ரோட்டில் கார் தூக்கிப் போட்டபோதுதான் கண் திறந்தேன். பாதி ரோட்டை அடைத்து நெல்லைக் காயப்போட்டு, சுற்றி வரிசையாகக் கல் வைத்திருந்தார்கள். அந்தக் கல் மேலேயே ஏற்றி, நெல்லுக்குள்ளும் ஒரு சக்கரத்தை விட்டிருந்தார் மாமா.

முறத்தோடு ஓடி வந்த ஒரு அம்மா, “கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது?” என்று கத்தினாள்.

“ரோடு என்ன ஒங்கூட்டுக் களமா?” என்று மாமாவும் விடவில்லை.

நான் சிரித்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன்.

நாங்கள் தேடி வந்த ஆலையில் காவலுக்கு ஒரே ஆள். இன்ஜின் பார்க்க வந்தோம் என்றதும் எங்களை ஏற இறங்கப் பார்த்தார், இரும்பு வாங்க வந்தவர்கள் என்றே நினைத்திருப்பார். மனது வந்து கேட்டைத் திறந்துவிட்டார். கொட்டகை ஓரமாக இன்ஜின் நின்றிருந்தது. மாமா பதினைந்தடி தள்ளி இடுப்பில் கை வைத்து நின்று, வழக்கமான கம்பீரத்தோடு அறிவித்தார்.

“அறுநூத்திப் பதினேழு. எழுதிக்க மாப்ள.”

ஆறு, ஒன்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. உதறினேன், திட்டினேன், தாளில் கிறுக்கிப் பார்த்தேன். அந்த எரிச்சலில் சட்டத்தை மறந்து தலையைத் தூக்கிவிட்டேன். இன்ஜினின் பக்கவாட்டில், முழங்கை நீளத்துக்கு, வெள்ளைப் பெயின்ட்டில் இருந்த எண் முந்நூற்று நாற்பத்திரண்டு.

காவலாளியிடம் மெதுவாகக் கேட்டேன். “அறுநூத்திப் பதினேழா? அத எப்பவோ லாரில ஏத்தி அனுப்பிட்டாங்களே சார். இது வேற எடத்துலேர்ந்து வந்து நிக்குது” என்றார்.

மாமா விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தேன். படத்தில் கால்வாசி இன்ஜின், மீதியெல்லாம் வேலிகாத்தான் முள். “சூப்பரா வந்துருக்குது பாரு” என்றார்.

அப்போதுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. இன்ஜின் பைத்தியங்களுக்கென்று ஒரு வாட்ஸப் குரூப் இருக்கிறது. எந்த ஆலையில் எந்த எண் நிற்கிறது என்று அதில் போடுவார்கள். சில மாதங்களாக, டைப் அடிக்காதீர்கள், வாயால் சொல்லி அனுப்புங்கள் என்று மாமா எல்லாரையும் நச்சரித்துக்கொண்டிருந்தார். சோம்பேறித்தனம் என்று கிண்டல் செய்திருக்கிறேன். கேட்டதை மனப்பாடம் செய்துகொண்டு வந்து என்னிடம் ஒப்பித்திருக்கிறார். ஹோட்டலில் மெனுவை என்னையே படித்துச் சொல்லச் சொன்னது, வெயில் வெயில் என்று எந்நேரமும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டது, காலையில் அந்த நெல், அந்தக் கல். இத்தனைக்கும் நான் பக்கத்திலேயே இருந்தேன். முழங்கை நீள எண் தெரியாத மனிதர் ஓட்டிய காரில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

உடனே சாவியைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஒரு மனிதரிடம் அவர் காரின் சாவியை எப்படிக் கேட்பது? அவர் போய் ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்தார், நானும் ஏறிக்கொண்டேன். விருத்தாசலம் வரும்வரை என் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். “மாடு மாமா”, “பஸ்ஸு மாமா”, “ஸ்பீட் பிரேக்கர் மாமா.”  என்றைக்கும் இல்லாமல் இவன் ஏன் வழி சொல்கிறான் என்று அவர் கேட்கவே இல்லை.

பீங்கான் சாமான் செய்கிற தொழிற்பேட்டை எதிரில் டீக்கு நிறுத்தினோம். வைக்கோல் சுற்றிய ஜாடிகளை ஒரு மினி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ரோட்டோரமெல்லாம் உடைந்த பீங்கான். மாமா அதை மிதித்துவிடாமல் காலால் தடவித் தடவி பெஞ்சுக்கு வந்ததைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“அங்க நின்னது அறுநூத்திப் பதினேழு இல்ல மாமா.”

டீயை ஊதிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். “பின்ன?”

“முந்நூத்தி நாப்பத்திரெண்டு.”

 டீயில் ஆடை படிந்தது. “சுகர்தான்” என்றார். “மொத எடது கண்ணு. இப்போ வலதும் புகையாத் தெரியுது. டாக்டரு கண்ணுக்குள்ள ஊசி போடணும்னாரு. வண்டி ஓட்டாதீங்கன்னும் சொன்னாரு.”

“அக்காவுக்குத் தெரியுமா?”

“சொன்னா சாவிய வாங்கி வச்சிப்பா. அப்புறம் வூட்டுலயே உக்கார வேண்டியதுதான்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கடைக்காரர் இருக்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை. “ஒரே நாள்ல புருஷனும் இல்ல, தம்பியும் இல்லன்னு அவ நின்னுருப்பா மாமா. அந்த அம்மா நெல்லோட ரோட்டுல உக்காந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?” என்று கேட்டேன்.

 மாமா சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துப் பெஞ்சின் மேல் வைத்தார். என் கையில் கொடுக்கவில்லை, வைத்தார். நான் எடுத்துக்கொண்டேன். அதை எடுத்தபோது எனக்கு ஏற்பட்ட கூச்சம் இன்னும் போகவில்லை. அவரைத் திட்டிய எனக்கு என்ன யோக்கியதை? பார்க்க முடியாதவர் பார்க்கவில்லை. பார்க்க முடிந்தவன் தூங்கினான்.

நான்தான் ஓட்டினேன். கியர் மாற்றும்போதெல்லாம் வண்டி முனகியது, வழக்கமாக இருந்தால் கேலி செய்திருப்பார். உளுந்தூர்பேட்டை வந்தபோது ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். “நோட்டுல அந்த நம்பர அடிச்சிட்டு சரியா எழுதிடு” என்றார். சரி என்றேன். 

மாமா வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது வெளிச்சம் குறைய ஆரம்பித்திருந்தது. அக்கா கேட்டருகே நின்றிருந்தாள். நான் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து இறங்குவதைப் பார்த்தாள். மாமா மறுபக்கம் இறங்கிக் காரைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவதையும் பார்த்தாள்.  நேராகப் போய் அவர் கையைப் பிடித்தாள்.

“எனக்குக் கொஞ்ச நாளாவே சந்தேகம்தான்” என்றாள் என்னைப் பார்த்து. “கேட்டா சண்டைக்கு வராரு. இன்னைக்குப் போவாதீங்கன்னுதான் சொல்ல வந்தேன். நீ பக்கத்துல உக்காந்து ரோட்டப் பாத்துக்கிட்டே வருவேன்னுதான்டா வுட்டேன்.”

 உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்.

மாமா முந்திக்கொண்டார்.

“பாவம், காலையிலேர்ந்து கண்ணே மூடல அவன்” என்றார். “மொத காபி போட்டுக் குடு.”