பக்கத்து மேசைக்காரி

வன்னியில் போர் முடிந்துகொண்டிருந்த நாட்களில் டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோ நகரில் ஒரு சிறிய மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் வேலை செய்தேன். பக்கத்து மேசையில் இன்னொரு தமிழ்ப் பெண். என்னைவிட இளையவள். ஒஸ்லோவில் வளர்ந்து, கலியாணம் கட்டி இங்கே வந்தவள். நான் டெனிஷைப் பல்லைக் கடித்துப் படித்தேன். அவளுக்கு நோர்வீஜியன் விளையாடித் திரிந்த மொழி.

ஒரு நோர்வேக் கிழவர், லண்டனில் இருந்த பேரப்பிள்ளைகளுக்காகத் தன் பட்டாள நினைவுகளை ஆங்கிலத்தில் கேட்டிருந்தார். அவளிடம் போகவேண்டிய வேலையை நானே கேட்டு வாங்கினேன். டெனிஷ் தெரிந்தால் நோர்வீஜியனை வாசித்துவிடலாம். ஆனால் "பனியில் விறைத்துக் கிடந்த எனக்கு ஒரு பெஃபால் தன் மேலங்கியைக் கழற்றித் தந்தார்" என்ற வரியில் மாட்டிக்கொண்டேன். அவர்களுக்கு, கட்டளையிடும் பதவியில் இருக்கும் எவரும் பெஃபால்தான், சார்ஜண்டானாலும் கேப்டனானாலும். ஆங்கிலத்தில் அதிகாரி வேறு, சார்ஜண்ட் வேறு. ஒருவரைத் தெரிந்தெடுத்தே ஆகவேண்டும்.

நான் அகராதிகளோடு மல்லுக்கட்டுவதை அவள் எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, பெஃபாலோ? அந்த மனுசனையே கேட்டால் முடிஞ்சுது."

உடனே போன் எடுத்தாள். கிழவரோடு சிரித்துச் சிரித்துக் கதைத்தாள். "சார்ஜண்டாம் அக்கா" என்றாள். முதலாளி அவளைப் பாராட்டினார். நான் திரையைப் பார்த்தபடி 'சார்ஜண்ட்' என்று அடித்தேன்.

அதே வாரம் அவளுக்கு ஒரு அழைப்பு வந்தது. வன்னிச் சனத்தை அடைத்து வைத்திருந்த முள்வேலி முகாமுக்குள் யாரோ ஒளித்து வைத்திருந்த போனில் அவளுடைய அண்ணன். உயிரோடு இருந்தார். எல்லோரும் அவளைக் கட்டிப்பிடித்தார்கள். நானும் பிடித்தேன். வன்னிக்குள் இருந்த என் தம்பியின் சத்தம் தைப்பொங்கலுக்குப் பிறகு இல்லை. இவளுக்கு மட்டும் எல்லாம் எப்படிக் கிடைக்கிறது என்று நெஞ்சு எரிந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள்: "தம்பியின்ர பேர், ஊரைச் சொல்லுங்கோ அக்கா. அண்ணை விசாரிப்பார்."

அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

சில நாட்கள் கழித்து, நான் சாப்பாட்டு அறையில் இருந்தபோது ஓடி வந்தாள்.

"அக்கா, உங்கட தம்பி என்ர நம்பருக்கு எடுத்தவர். அண்ணைதான் தேடிப் பிடிச்சுப் போனைக் குடுத்தவர். காலில காயமாம், வேறை ஒண்டுமில்லை. இனி இதுக்கு எடுங்கோ எண்டு உங்கட நம்பரைக் குடுத்திட்டன்."

அப்படியே கதிரையில் அழுதேன். பிறகு, "குரல் எப்பிடி இருந்தது?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் அடைச்சிருந்தது. 'அக்காவோ?' எண்டு கேட்டார். லைன் அறுந்திடும் எண்ட பயத்தில ஓம் எண்டிட்டன்."

நன்றி என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். ஆனால் அந்த ஒரு 'அக்கா'வை அவள் காதிலிருந்து பிடுங்கி எடுக்கவேண்டும் போலவும் இருந்தது.

மறுநாள் தம்பி எனக்கு எடுத்தான். நான் பேசத் தொடங்கவே அழுகை வந்தது. அவன் அழவில்லை. "நேற்று நல்லாத்தானே கதைச்சனீங்கள்" என்றான்.