கவுஞ்சிக்கு வந்தால் எழாத லேப்டாப்

போன மார்கழியில், கொடைக்கானலுக்கு மேலே எங்கள் கவுஞ்சியில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிறது.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள் நான். கணவர் கேரட்டும் பூண்டும் போடுகிறார். நான் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். பொருள் வாங்கியவர்கள் கோபமாக எழுதி அனுப்பும் புகார்களுக்குப் பணிவாகப் பதில் டைப் செய்ய வேண்டும். வீட்டில் மாடி ஜன்னலோரம் மட்டும்தான் கொஞ்சம் சிக்னல் எட்டிப் பார்க்கும். அங்கே செல்போனை வைத்து, அதிலிருந்து லேப்டாப்புக்கு நெட் எடுத்துக்கொள்வேன். மெதுவாக வந்தாலும் எழுத்து வேலைக்குப் போதும். ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த பிழைப்பு.

அதில் மண்ணைப் போட்டது லேப்டாப்புக்கு வந்த ஓர் அப்டேட். பெரிய அப்டேட்டாம், கட்டாயம் போட வேண்டுமாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து போட்டேன். மறுநாளிலிருந்து சுவிட்சைப் போட்டால் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். சோறு வடித்து, கணவருக்குத் தூக்குவாளி கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு வந்து பார்த்தாலும் சுற்றிக்கொண்டிருக்கும். எட்டு மணிக்கு வேலையில் நுழைய வேண்டியவள் ஒன்பதுக்கு நுழைந்தேன்.

குளிரில் மெஷின் விறைத்துப் போகிறது என்றார் கணவர். மார்கழியில் இங்கே தேங்காய் எண்ணெயே கல்லாகிக் கிடக்கும் என்பதால் நானும் நம்பினேன். லேப்டாப்பைக் கம்பளியில் சுற்றி அடுப்படியில் வைத்துக்கூடப் பார்த்தேன். அது அசையவில்லை.

எங்கள் டீம் லீடர் சென்னையில் இருப்பவர், என்னைவிட வயதில் சின்னப் பெண். முதல் நாள் பரவாயில்லை என்றார். அடுத்து, எல்லோரும் இதே அப்டேட்தானே போட்டோம், உங்களுக்கு மட்டும் ஏன் இப்படி என்றார். அதற்கப்புறம், "காலைல கொஞ்சம் சீக்கிரம் எழுந்திருக்கப் பாருங்க" என்று ஒரு போடு போட்டார் பாருங்கள், எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இருட்டோடு எழுந்து ஐஸ் மாதிரி தண்ணீரில் பாத்திரம் கழுவுகிறவளிடம் சொல்கிற பேச்சா அது?

மலையடிவாரத்து வத்தலக்குண்டில் தங்களுக்குத் தெரிந்த ஒரு கம்ப்யூட்டர் கடையில் காட்டச் சொன்னார்கள் கம்பெனியில். லீவு போட்டுவிட்டு முதல் பஸ் பிடித்து, வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மலையிறங்கினேன். கடைக்காரர் தன் கடை வைஃபையில் இணைத்துவிட்டு, அணைத்து மறுபடி போட்டார். பாவி லேப்டாப், கண்ணை மூடித் திறப்பதற்குள் எழுந்து நின்றது! திரும்பத் திரும்பப் போட்டாலும் அப்படியே.

"மெசின்ல ஒரு குத்தமும் இல்லக்கா. ஒங்களுக்குப் போடத் தெரியலையோ என்னவோ" என்று சிரித்தார். சிரித்ததோடு விட்டாரா? என் எதிரிலேயே கம்பெனிக்கு ஃபோன் போட்டு அதையே ஒப்பித்தார். நான் பக்கத்தில் நின்று "வீட்டுல வரலைங்க" என்று சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. கொஞ்ச நேரத்தில் டீம் லீடரிடமிருந்து செய்தி வந்தது. நாளைக்கு எட்டு மணிக்கு வராவிட்டால் இனி வரவே வேண்டாமாம். வேலையும் போகப்போகிறது, கூடவே பொய்க்காரி என்ற பட்டமும். அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது.

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் எங்கள் ஊர் பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது, என் செல்போன் நெட்டிலேயே லேப்டாப்பைப் போட்டுப் பார்த்தேன். அங்கேயும் டக்கென்று வந்தது. வாய்விட்டே திட்டினேன். பக்கத்தில் இருந்த, எங்கள் பக்கத்து ஊரான மன்னவனூரைச் சேர்ந்த ஓர் அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பஸ்ஸிலும் அவரே பக்கத்து சீட் என்பதால் நடந்ததை எல்லாம் கொட்டித் தீர்த்தேன்.

பூம்பாறை தாண்டப் போகும்போது கண்டக்டர் வழக்கம்போல் சத்தம் போட்டார். "டிக்கெட்டுக்கு ஃபோன்ல காசு போடுறவங்க வெரசா இங்கனயே போட்டுருங்க. இதுக்கு மேல டவர் சரியா இருக்காது. அப்பறம் வட்டமாச் சுத்திக்கிட்டே கெடக்குன்னு எங்கிட்டச் சொல்லக் கூடாது!"

எத்தனையோ முறை கேட்ட பேச்சுதான். அன்றைக்கு எனக்குச் சுருக்கென்றது. சிக்னல் ஒற்றைக் கோடாகச் சுருங்கும் வரை பொறுத்திருந்து, மடியில் லேப்டாப்பை வைத்துப் போட்டேன். சுற்றியது வட்டம்.

"கீழ பொசுக்குன்னு வந்துச்சு, இப்ப என்னத்தா இந்த முக்கு முக்குது?" என்றார் அக்கா.

செல்போனில் நெட்டை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். உடனே எழுந்துவிட்டது! நானும் அக்காவும் போட்ட கூச்சலில் டிரைவரே திரும்பிப் பார்த்தார்.

விஷயம் இவ்வளவுதான். அந்தப் புது அப்டேட், லேப்டாப் எழும்போதே என்னைக் கேட்காமல் நெட்டுக்கு ஓடி, எதையெதையோ இறக்கவும் ஏற்றவும் ஆரம்பித்துவிடுகிறது. டவுனில் அது தெரியாது. நூல் மாதிரி வரும் எங்கள் சிக்னலில், அது முடிகிறவரை என்னை உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்திவைக்கிறது. இதைச் செய்தவர்களுக்கு எங்களைப் போல ஜன்னலோரம் உட்கார்ந்து பிழைப்பவர்கள் இருப்பதே தெரியாது போலிருக்கிறது.

மறுநாள் நெட்டை அணைத்து லேப்டாப்பை எழுப்பி, பிறகு நெட் கொடுத்து, எட்டு மணிக்கு முன்பே உள்ளே போய்விட்டேன். நெட்டோடு போட்டால் எப்படி, இல்லாமல் போட்டால் எப்படி என்று இரண்டையும் வீடியோ எடுத்து டீம் லீடருக்கு அனுப்பினேன். "சூப்பர், இனிமே இப்படியே பண்ணுங்க" என்று பதில் வந்தது. நான் பார்க்காத வார்த்தை இருக்கிறதோ என்று ஃபோனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். அவ்வளவுதான் இருந்தது.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், லேப்டாப் எழவே மாட்டேன் என்கிறது என்று எங்கள் குழு அழைப்பில் தயங்கித் தயங்கிச் சொன்னாள். இங்கே எல்லோருக்கும் நன்றாகத்தானே ஓடுகிறது என்று டீம் லீடர் ஆரம்பித்தார். நான் மைக்கைத் திறந்தேன். "அந்தப் பொண்ணு வீட்டுல நெட் எப்படி வருதுன்னு முதல்ல கேளுங்க மேடம்" என்றேன்.  அதற்குப் பிறகுதான் அவர் அதைக் கேட்டார்.

அந்தப் பெண்ணிடம் கேட்டதை அன்றைக்கு என்னிடம் ஒருவராவது கேட்டிருக்கலாமே என்ற கோபம் எனக்கு ஆறவே இல்லை. புகார் எழுதுகிறவர்களுக்குத் தினமும் நூறு தடவை நான் டைப் செய்கிற 'மன்னிக்கவும்' என்ற அந்த ஒரு வார்த்தையை, எனக்கென்று யாராவது சொல்வார்கள் என்று இன்னும் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.