டெல்மர் ஹாக்ஸ்டாடின் வெந்நீர்

அரிசோனா பாலைவனத்தில் நாங்கள் குளிர்காலம் கழிக்கும் டிரெய்லர் முகாமில், அதாவது சக்கரம் வைத்த வீடுகளின் முகாமில், தண்ணீர் விஷயம் எதுவானாலும் இறுதித் தீர்ப்பு டெல்மர் ஹாக்ஸ்டாடுடையது. மினசோட்டாவில் ஓட்டுநர் உரிமத் தேர்வாளராக இருந்தவர். பக்கக் கண்ணாடியைப் பார்க்க மறந்ததற்காக ஒரு பாதிரியாரைத் திரும்பத் திரும்பப் பெயிலாக்கியவர். ஓய்வுபெற்ற பின் பெயிலாக்க ஆள் கிடைக்காமல் டிரெய்லர்க் குழாய்களின் பக்கம் திரும்பினார்.

ஒவ்வொரு நவம்பரிலும் புதிதாக வந்தவர்களை மடக்கு நாற்காலிகளில் உட்காரவைத்து வகுப்பெடுப்பார்.

"அடியில ரெண்டு வடிகால் வால்வு இருக்கு. சிவப்பு வெந்நீருக்கு, நீலம் பச்சத்தண்ணிக்கு. ஊர்ல பனி உறையறதுக்கு முன்னாடி ரெண்டையும் தொறந்து குழாயக் காலி பண்ணணும். இங்க வந்ததும் மூடணும். மூடாம தொட்டிய நெரப்புனா பாலைவனத்துக்குத்தான் பாய்ச்சுவீங்க. அப்புறம், ஹீட்டருக்குப் பின்னால சுத்துவழி வால்வு. குளிருக்கு மூடி வைக்கறப்ப, ஹீட்டருக்குள்ள எதுவும் போகாம சுத்திப் போறமாதிரி அதத் திருப்புவோம். வந்ததும் பழையபடி திருப்ப மறக்கறவன் டிரெய்லர் வச்சுக்கவே லாயக்கில்ல."

இந்த வருடம் அவர் வந்து இறங்கிய மறுநாள், வெந்நீர்க் குழாயில் பச்சைத்தண்ணீர் வந்தது. அதற்கு மறுநாளும் அதுவே வந்தது.

அவர் மனைவி லவோன் சொன்னார்: "டெல்மர், சனிக்கிழமைக்குள்ள நான் வெந்நீர்ல குளிக்கணும். இல்லன்னா அக்கா வீட்டுக்குப் பிளேன் ஏறிடுவேன். அங்க பனி முழங்கால் வரைக்கும் கெடக்கு. ஆனா குழாயில வெந்நீர் வருது."

லவோன் வெறும் வாயால் மிரட்டும் ரகமல்ல. பெட்டியைக் கட்டில் மேல் திறந்து வைத்துவிட்டுத்தான் பேசினார்.

எங்கள் முகாமில் ஒருவர் ஸ்பேனரைக் கையில் எடுத்தால், மற்றவர்கள் நாற்காலியைக் கையில் எடுப்பது மரபு. காபியோடு வந்து வட்டமாக உட்கார்ந்தோம். முதல் வரிசையில், முன்னாள் கசாப்புக்கடைக்காரர் கஸ் பெக்மன்.

"ஹீட்டர் பத்துதா?"

"பத்துது. கொஞ்ச நேரத்துல அணைஞ்சுருது."

"அந்தச் சுத்துவழி வால்வப் பாத்தியா?"

டெல்மர் மெதுவாகத் திரும்பினார். "கஸ், என் வகுப்புல குறட்டை விட்ட ஆளு நீ. என்னையப் போயி இதக் கேக்கற?"

அதன்பிறகு யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவர் தெர்மோஸ்டாட்டை மாற்றினார். பர்னரைக் கழற்றித் துடைத்தார். தண்ணீர் தன் குளிர்ச்சியை விட்டுக்கொடுக்கவில்லை.

சனிக்கிழமை பிற்பகல், கட்டிலுக்கடியில் தலையை நுழைத்து ஹீட்டரின் பின்பக்கத்தைப் பார்த்தவர் அப்படியே அசையாமல் கிடந்தார். பிறகு நடந்ததை லவோன் என் மனைவியிடம் மட்டும் சொன்னார். ஆகவே முகாமில் எல்லோருக்கும் தெரியும்.

வால்வின் கைப்பிடி, அக்டோபரில் அவரே திருப்பி வைத்த அதே திசையில், சொன்ன பேச்சு தட்டாத மாணவனைப் போல நின்றுகொண்டிருந்தது.

கால் சுற்று திருப்பினால் போதும். ஆனால் ஹீட்டர் காலி. திருப்பிய உடனே அது நிரம்பும்வரை, தொட்டியிலிருந்து தண்ணீர் ஏற்றும் பம்ப் விடாமல் கத்தும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் வெளியே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு கிழவருக்கும் நடந்தது புரிந்துவிடும். திருப்பாவிட்டால் லவோன் கிடையாது. திருப்பினால் மானம் கிடையாது.

சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்த லவோன் குனிந்து பார்த்தார். கணவரின் காது சிவந்திருந்தது.

"அதுவா?" என்றார் கிசுகிசுப்பாக.

"அதேதான்."

"பம்ப் கத்துமே."

"கத்தும்."

லவோன் ஒரு கணம் யோசித்தார். "சரி, திருப்பு" என்றவர், மூச்சை இழுத்துக்கொண்டு முகாமுக்கே கேட்கும்படி ஆரம்பித்தார்.

"ஏய்யா, நீயெல்லாம் ஒரு மனுஷனா! தேனிலவுக்குப் போற வழியில பெட்ரோல் தீந்து, கல்யாண கவுனோட என்னைய வண்டி தள்ள விட்ட ஆளுதான நீ! எங்கம்மா அன்னிக்கே சொன்னாங்க, பன்னிப் பண்ணை வச்சிருந்தானே ஆல்வின், அவனக் கட்டிக்கடின்னு! அவன் பொண்டாட்டி இப்ப பளிங்குத் தொட்டியில குளிக்கறா!"

வெளியே நாற்காலிகள் ஓரடி முன்னால் நகர்ந்தன. காபி ஆறியது. யாரோ இருமியதற்கு, "உஸ்! கேக்க விடுய்யா" என்றார் கஸ். பம்ப் கத்தியது, கத்தி முடித்து அடங்கியது. ஒரு காதும் அதைக் கவனிக்கவில்லை.

"ஆல்வின் யாருப்பா?" என்பதுதான் எங்கள் ஒரே கேள்வி.

மாலையில் லவோன் தலையில் துண்டோடு, வெந்நீரில் குளித்த முகம் இளஞ்சிவப்பாக வெளியே வந்தார்.

"என்னதான்யா கோளாறு?" என்று கேட்டார் கஸ்.

"ஒரு பழைய பாகம்," என்றார் டெல்மர், நீதிபதியின் குரலில்.

"ரொம்பப் பழசு," என்றார் லவோன். "மாத்தவும் முடியாது. வச்சுத்தான் ஓட்டணும்."

சட்டைகள் அலமாரிக்குத் திரும்பின. சாப்பாடு முடிந்ததும் டெல்மர் தயங்கித் தயங்கிக் கேட்டாராம்:

"அந்த ஆல்வின் கதை... சத்தத்துக்காகச் சொன்னதுதான?"

"பாத்திரத்தக் கழுவு," என்றாராம் லவோன். "அதான் வெந்நீர் வருதுல்ல."