செங்காற்றில் நின்றுபோன ஆட்டம்

அன்று இத்தாலியின் சிசிலித் தீவில், பலேர்மோவின் வானம் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. வருசத்தில் சில நாட்கள் இப்படி வரும். சிரொக்கோ என்று இங்கே சொல்லும் சூட்டுக் காற்று ஆபிரிக்க மணலை அள்ளிக்கொண்டு கடலைத் தாண்டி வந்து, கூரைகளிலும் கார்களிலும் சிவப்பாய்த் தூவிவிட்டுப் போகும். பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில் நான் வேலை செய்கிற வீட்டின் சன்னல்களை எல்லாம் இறுகச் சாத்திவிட்டு, வீட்டுக்கார அம்மா சிஞ்ஞோராவிடம் அரைநாள் லீவு கேட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். என் தங்கச்சி முதன்முதலாகத் தொழில்முறை உதைபந்தாட்டம் ஒன்றில் கோல் காக்கப் போகிறாள்.

எங்கள் அப்பாவும் அம்மாவும் மன்னாரில் இருந்து வந்தவர்கள். நானும் அங்கே பிறந்து, சின்ன வயதில் கையைப் பிடித்துக் கூட்டிவரப்பட்டவள். தங்கச்சி இங்கேயே பிறந்தாள். ஆனாலும் பதினெட்டு வயது வரைக்கும் எங்களைப்போல அவளிடமும் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிதான் இருந்தது. நாட்டின் இளையோர் அணிக்கு ஒருமுறை அவளுடைய பெயர் போய், குடியுரிமை இல்லையென்று திரும்பி வந்தது. அன்றைக்கு அவள் அழவில்லை. கையுறைகளைக் கழுவிப் பல்கனிக் கொடியில் காயப்போட்டாள். குடியுரிமை கிடைத்த பிறகு நகரத்துப் பெண்கள் அணியில் இரண்டாவது கோல்காப்பாளராகச் சேர்த்தார்கள். இரண்டு பருவம் மாற்று ஆட்டக்காரரின் வாங்கிலேயே இருந்தாள். அந்த அணியின் கோலில் எங்கள் நிறத்தில் ஒருத்தி அதுவரை நின்றதில்லை. இந்த ஆட்டத்துக்கு முந்தின வியாழக்கிழமை பயிற்சியில் முதலாவது கோல்காப்பாளருக்குத் தோள்மூட்டு விலகியதால் முறை இவளுக்கு வந்தது.

மைதானத்தில் எல்லாமே கனவில் நடக்கிறதுபோல இருந்தது. தூரத்துக் கோல்கம்பங்கள் கரைந்து கரைந்து தெரிந்தன. ஆட்கள் ஓடினார்கள், காலடிச் சத்தம் வரவில்லை. மஞ்சள் சட்டையோடு தங்கச்சி அந்தப் புழுதிக்குள் மிதந்துகொண்டு நின்றாள். முதல் பாதியில் அவளை எனக்குச் சரியாகத் தெரியவே இல்லை.

இரண்டாம் பாதியில் அவள் என் பக்கத்துக் கோலுக்கு வந்தாள். அதற்குப் பின்னால் இருந்த பார்வையாளர் மேடை முழுக்க அவளுடைய சொந்த அணியின் ரசிகர்கள். நான் அதன் ஓரத்தில் இருந்தேன். அவள் பந்தை வைத்து முதல் உதை உதைத்தபோது ஒரு சத்தம் கேட்டது. காற்று என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த முறை அவள் பந்தைத் தொட்டபோது மறுபடி வந்தது. மேல்வரிசையில் இருந்து சில ஆண்கள் குரங்குபோலக் கத்தினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார். நானும் ஒன்றும் செய்யவில்லை. மடியில் இருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அதை நினைத்தால் விரல்கள் நோகும்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. புழுதிக்குள் இருந்து திடீரென்று வந்த பந்து ஒன்றைப் பாய்ந்து நெஞ்சோடு அணைத்தாள். கொஞ்ச நேரத்தில் காற்று இன்னும் தடித்தது. நடுவர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார்.

உடைமாற்றும் அறைக்கு வெளியே காத்து நின்றேன். அணியின் மேலாளர் அவளை ஒதுக்கமாகக் கூட்டிப்போய் மெதுவாகக் கதைத்தார். கெட்ட மனிதர் இல்லை. பயிற்சி முடிந்து எத்தனையோ நாள் அவளை வீட்டு வாசலில் இறக்கிவிட்டவர். காற்றால் நின்றது என்றே அறிக்கை போகும், இன்னொரு நாள் திரும்ப ஆடலாம் என்றார். சத்தத்தைப் பற்றி எழுதினால் மேடையை மூடுவார்கள், தண்டனை எங்கள் அணிக்குத்தான், முதல் நாளே இது வேண்டுமா என்று கேட்டார்.

அவள் கையுறையைக் கழற்றாமல் நின்றாள். இமைமயிரில் சிவப்பு மணல் ஒட்டியிருந்தது. என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள்.

"அக்கா, உங்களுக்குக் கேட்டதோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளும் நம்புவதுபோல நடித்திருப்பாள்.

"ஓம். கேட்டது" என்றேன்.

அவள் நேரே போய் நடுவரின் கதவைத் தட்டினாள். நடுவர் ஒரு இளம் பெண். புழுதிக்குள் யார் கத்தியது என்று தெரியவில்லையே, என்னத்தை எழுதுவது என்று கேட்டார். தங்கச்சி இத்தாலிய மொழியில் சொன்னாள்: "யாரென்று நான் கேட்கவில்லை. உங்கள் காதில் விழுந்ததா என்றுதான் கேட்கிறேன்."

நடுவர் பேனாவின் மூடியைக் கழற்றினார். பிறகு தாளை இழுத்து, எப்போது தொடங்கியது என்று கேட்டார். பந்தையே பார்த்துக்கொண்டிருந்த தங்கச்சிக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டு வேலையில் பழகிய என் இத்தாலியனில் நான் சொன்னேன்: இரண்டாம் பாதியில் அவளுடைய முதல் உதையிலிருந்து. நடுவர் எழுதினார்.

உதைபந்தாட்டச் சங்கத்தார் ஒரு ஆட்டத்துக்கு அந்த மேடையை மூடச் சொன்னார்கள். அந்தக் கிழமை அணியில் சிலர் அவளோடு கதைக்கவில்லை. மேலாளரின் காரும் எங்கள் தெருவுக்கு வரவில்லை, பஸ்ஸில் வந்தாள். இருக்க இடம் தந்த ஊரோடு ஏன் பிள்ளை கொழுவுகிறாய் என்று அம்மா கவலைப்பட்டா.

"உங்களுக்குத்தான் இடம் தந்த ஊர், அம்மா" என்றாள் தங்கச்சி. "நான் இஞ்சை பிறந்தனான்."

அம்மா அவளுடைய சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டா.

திரும்ப ஆடின நாள் ஒரு புதன்கிழமை. மழை பெய்து கழுவிவிட்ட வானம். கோலுக்குப் பின்னால் வெறும் வாங்குகள் வெயிலில் மினுங்கின. பந்து கையுறையில் படுகிற சத்தம்கூட எனக்குத் துப்புரவாகக் கேட்டது. அணித்தலைவி கோலடிக்கு நடந்துபோய் அவளோடு ஏதோ கதைத்தாள், இரண்டுபேரும் சிரித்தார்கள். ஆட்டத்தில் எங்கள் அணி ஒன்றுக்குப் பூச்சியம் என்று தோற்றது. ஆனாலும் அடுத்த ஞாயிறும் கோலில் அவள்தான். முதலாவது கோல்காப்பாளரின் தோள் குணமான பிறகும் அந்த மஞ்சள் சட்டை அவளிடமே இருந்தது.

அந்தப் புதன்கிழமை பஸ்ஸில் வரும்போது அவள் அந்த ஒரு கோலைப் பற்றி மட்டுமே கதைத்தாள். பந்து எப்படி வளைந்தது என்று கைகளை வீசிக் காட்டினாள். முன் சீற்றில் மந்தரின் தோடம்பழப் பையோடு இருந்த ஒரு வயதானவர் திரும்பி, ஒரு அடி முன்னுக்கு வந்திருந்தால் பிடித்திருக்கலாம் என்றார். வந்திருந்தால் தலைக்கு மேலால் போயிருக்கும் என்று அவள் சிசிலியப் பேச்சில் வாதாடத் தொடங்கினாள். அவரும் விடவில்லை. எங்கள் தரிப்பிடம் வந்தும் அவள் எழும்பவில்லை. கையைப் பிடித்து இழுத்துத்தான் இறக்கினேன்.