கிண்டல் செய்தால் ஒன்றுமில்லை

எங்கள் ஸ்கேன் சென்டரின் எக்ஸ்ரேக்காரருக்கு வாய் சும்மா இருக்காது. படத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அது டாக்டர் வேலை. ஆனால் அவர் கிண்டல் செய்தால் ஒன்றுமில்லை, திடீரென்று மரியாதை கூடினால் ஏதோ இருக்கிறது என்பது அவருடைய சொந்தபந்தம் முழுவதற்கும் தெரியும். சொல்லி வைத்தவர் அவரேதான். பெருமை பிடித்த மனிதர்.

பக்கத்து மேசையில் ரிப்போர்ட் டைப் செய்யும் எனக்கும் டீ வேளையில் பாடம் நடத்துவார். "எலும்புக்குள்ள ஓட்டை தெரிஞ்சா உடனே பயப்படக் கூடாது. சுத்தி வெள்ளையா கோடு இருக்கான்னு பாருங்க. இருந்தா பெரும்பாலும் சாதுவான கட்டி, மெதுவா வளருது. சுவர் எழுப்ப எலும்புக்கு நேரம் கெடைச்சிருக்கு. ஓரமே தெரியாம கலைஞ்சு கெடந்தா, அது அவசரக்காரன்."

அன்று அவருடைய அக்கா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் ஓடுகிற பெண். முழங்காலுக்கு மேலே வலி, தூக்கமே இல்லையாம். டாக்டர் சாயங்காலம்தான் வருவார்.

படம் திரையில் வந்தது. தொடை எலும்பின் கீழ்முனையில் ஒரு கறை. நானும் எட்டிப் பார்த்து ஓரத்தைத் தேடினேன். ஓரமே இல்லை.

வாசலில் நின்ற அக்கா தம்பியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசாமல் இருந்தால் அதுவே ரிப்போர்ட். கிண்டல் செய்தால் பொய். மனிதர் எலிப்பொறியில் மாட்டியதுபோல முழித்தார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் வந்தது. ஊரெல்லாம் பீற்றிக்கொள்ளச் சொன்னது யார்?

"ஏண்டி, இது காலா, குடைக்கம்பியா? படத்துல தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கு" என்றார்.

பெண் சிரித்துக்கொண்டே துணி மாற்றப் போனாள். அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்பாடா. அப்போ நாங்க கெளம்பறோம். டாக்டரைப் பரீட்சை முடிஞ்சு பாத்துக்கலாம்."

"இருக்கா. அவர் வந்துடட்டும்."

"அதான் நீயே சொல்லிட்டியே."

"நான் எங்க சொன்னேன்?"

அவர் எழுந்து போய் வாசலை மறித்து நின்றார். அக்கா விளையாட்டாக அவர் தோளைத் தள்ளினார். அவர் நகரவில்லை. அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"என்ன இருக்கு அதுல?" குரல் தாழ்ந்திருந்தது.

"படம் எடுக்கறவன் சொல்லக் கூடாதுக்கா."

"படம் எடுக்கறவனை யாரு கேட்டா? என் தம்பியைக் கேக்கறேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டேன்.

"நல்லாயில்லக்கா."

துணி மாற்றும் மறைப்புக்குப் பின்னாலிருந்து பெண் குரல் கொடுத்தாள். "மாமா, இந்தக் குடைக்கம்பிதான் போன மாசம் முதல் பரிசு வாங்குச்சு."



"ஆமாடி, உன்னை யாராலடி புடிக்க முடியும்" என்று அக்காதான் பதில் சொன்னார், சுவரைப் பிடித்துக்கொண்டு.