அம்மா சூப்பர்வைசர் ஆன மாதம்

ஷூ கம்பெனியில் அம்மாவை சூப்பர்வைசர் ஆக்கியபோது எங்கள் வீட்டில் வாய்விட்டுச் சந்தோஷப்பட்டது நான் ஒருத்திதான். அப்பா தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டு முடித்தார். காரணம் அவருடைய அக்கா. பக்கத்து வீட்டிலிருந்த அத்தை, அம்மாவுக்கு முன்பே அதே தையல் லைனில் சேர்ந்தவள். அந்தப் பதவி தனக்குத்தான் என்று மாதனூர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அம்மாவின் பதவியும் நிரந்தரமில்லை; கொஞ்ச நாள் வேலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்வார்களாம்.

ஆகவே அத்தையைக் கண்காணிப்பதை நானே என் பொறுப்பாக எடுத்துக்கொண்டேன். காலையில் கம்பெனி பஸ்ஸில் அம்மா ஏறியதும் அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வதைத் தெருமுனையில் நின்று பார்ப்பேன். அவள் கொடுத்தனுப்பிய மீன் குழம்பை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தொடுவேன்.

ஒரு சாயங்காலம் அத்தை பின்வாசல் வழியாக வந்து, அம்மாவைத் துணி துவைக்கும் கல்லருகே இழுத்துப் போனாள். நான் சமையலறை ஜன்னலுக்கடியில் உட்கார்ந்துகொண்டேன்.

"பேஜாராயிடுச்சும்மா. இன்னிக்குத் தெச்ச ஷூவுல உள்துணியெல்லாம் திருப்பி வெச்சுத் தெச்சிருக்காங்க. மேனேஜர் இன்னும் பாக்கல" என்றாள் அத்தை.

 "பிரிச்சுத் தெச்சா நாளைக்கு முடிஞ்சுடுமா அண்ணி?" என்றாள் அம்மா.

"யாரு பண்ணதுன்னு கேக்க மாட்டியா?"

"வேணாம். நீங்க கூட நில்லுங்க, போதும்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. செய்தவளிடமே போய் உதவி கேட்கிறாளே! ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். "இன்னாடி உளர்ற?" என்று அதட்டினார்.

மறுநாள் இருவரும் கடைசி பஸ்ஸில் சேர்ந்தே வந்து இறங்கினார்கள். அத்தையின் இரண்டு விரல்களில் பிளாஸ்திரி. நடந்ததை அவள்தான் அப்பாவிடம் சொன்னாள். லைன் முழுக்க உட்கார்ந்து பிரித்துத் தைத்தார்களாம். சரக்கு தாமதமானதற்கு மேனேஜர் கத்தியபோது, 'நான்தான் சரியா சொல்லிக் குடுக்கல' என்று அம்மா முன்னால் போய் நின்றாளாம்.

"திட்டு வாங்கனது இவ. அழுதது நாங்க" என்று சொல்லும்போதே அத்தைக்குக் குரல் உடைந்தது. அந்த அழுகையையும் நான் நம்பவில்லை.

அம்மா அந்தப் பதவியில் நிலைத்துவிட்டாள். யார் செய்த தப்பு என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. அத்தைக்குப் பயந்துதான் கேட்காமல் விட்டுவிட்டாள் என்று அந்த வயதில் நான் உறுதியாக நம்பினேன்.