அண்ணையின் வழக்குத் தள்ளுபடியான நாள்

என் நாற்காலியை அவர் தன் கையாலேயே இழுத்து மறுபக்கம் போட்டதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. "இந்தப் பக்கம் இருங்கோ தங்கச்சி, மற்றக் காது கேக்காது" என்றார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. லண்டன் நீதிமன்றங்களில் நான் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். அவர் கைதி. பின்னால் சிறைக் காவலர் இருவர் நின்றார்கள். நான் அவரை அண்ணை என்றே கூப்பிட்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வேறொருவரின் பாஸ்போர்ட்டில் வந்து விமான நிலையத்தில் பிடிபட்டவர். சிறைக்குள் காதில் சீழ் வைத்தது. டாக்டரிடம் காட்டச் சொல்லி அறை மணியை அடித்தபடியே இருந்திருக்கிறார். வந்த காவலர்கள் அவருடைய அரைகுறை ஆங்கிலத்தைக் கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது செவிப்பறை போயிருந்தது. நோயாளியை டாக்டரிடம் காட்டவேண்டும் என்ற சிறை விதியை மீறிவிட்டார்கள் என்று, வக்கீல் இல்லாமல், கூட இருந்த ஒரு கைதியின் உதவியோடு தானே வழக்குப் போட்டார். நட்டஈட்டைப் பற்றி என்னிடம் அவர் பேசவே இல்லை. சொன்னது இதுதான்:

"பொய்ப் பாஸ்போட்டில வந்தவன், சொல்லுறதும் பொய்யெண்டு நினைக்கினம். நான் குடிச்சுப்போட்டு அடிபட்டுத்தான் காது போனதெண்டு ஊரில என்ர மனிசிக்கு ஆரோ சொல்லியிருக்கினம். அவவும் நம்பியிட்டா. நடந்ததைக் கோட்டில ஒருக்கா வாய் திறந்து சொல்லவேணும்."

அதற்கு இடமே கிடைக்கவில்லை. இந்த வழக்கை விசாரிக்கவே தேவையில்லை என்று அரசு வழக்கறிஞர் வாதாடினார். நீதிபதி நிதானமான மனிதர். குரல் உயர்த்தாமல் முடிவை வாசித்தார். நான் வரிவரியாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். சிறை விதி மீறப்பட்டிருந்தாலும், அதற்காகக் கைதி வழக்குப் போடும் உரிமையைச் சட்டம் கொடுக்கவில்லை. ஆகவே தள்ளுபடி.

"நான் சொன்னது பொய்யெண்டு சொல்லிப்போட்டாரோ?"

"இல்லை அண்ணை. நீங்கள் சொன்னதெல்லாம் உண்மையெண்டு வைச்சாலும் கேஸ் நிக்காது எண்டுதான் சொல்லுறார்."

"அது இன்னும் மோசமெல்லோ தங்கச்சி" என்றார். கோபம் இல்லை. காவலர்கள் கூப்பிட்டதும் எழுந்து போனார்.

மொழிபெயர்ப்பாளர் தன் பங்குக்கு ஒரு சொல்லும் சேர்க்கக்கூடாது. நீதிபதி அண்ணை சொன்னதை உண்மையென்று தீர்க்கவில்லை. வாதத்துக்காக அப்படி வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். அந்த வித்தியாசம் எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் அன்று ரயிலில் வீடு போகும்போது அண்ணை அடித்த அந்த அறை மணியின் சத்தம் எனக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

சில வருடங்களுக்குப் பிறகு லண்டன் லூயிஷாம் கோயிலில் அண்ணையைக் கண்டேன். அவருக்கு விசா கிடைத்து, மனைவி அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார். என்னை அறிமுகப்படுத்திவிட்டு அண்ணை பிரசாதம் வாங்கப் போனார். அவர் தள்ளிப்போகும்வரை பொறுத்திருந்துவிட்டு அந்த அக்கா மெல்லக் கேட்டார்.

"கோட்டில நீங்கள்தானே நிண்டனீங்கள். உண்மையில இவரை டொக்டரிட்டக் காட்டேல்லையோ?"

நீதிபதியின் வார்த்தைகளை அப்படியே ஒப்புவித்திருக்கலாம்.

"ஓம் அக்கா, காட்டேல்லை. அண்ணை சொன்னதெல்லாம் உண்மை" என்றேன்.

அண்ணை வந்ததும் அக்கா அவர் கையிலிருந்த பிரசாதத் தட்டை வாங்கிக்கொண்டு, "அந்த நேரம் காது நல்லா நொந்ததோ?" என்று கேட்டார்.

அண்ணை என்னைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார்.

"ஓம்" என்றார்.